எஃப்.சி. டயர்

அத்தாவின் போன் மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப் என்றது.

"ரிங் போவுதா இஃப்ரா?" என்றார் கிறிஸ்டி அக்கா. எங்கள் கேட்டுக்குள் வந்து நின்றும் குடையை மடக்கவில்லை.

"போவுதுக்கா. வண்டி ஓட்டிக்கினு இருப்பாரு, அதான் எடுக்கல."

பொய்தான். ஆனால் வேறென்ன சொல்வது? கேட்டுக்கு வெளியே மழையில் இன்னும் சில அம்மாக்கள், ஆளுக்கொரு குடையோடு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக வெயில் இருக்கும்போதே பிள்ளைகள் இறங்கிவிடும். இன்று தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. விளக்கடியில் மழை சாய்வாக விழுந்தது. கால்வாய்த் தண்ணீர் ரோட்டில் ஏறி, யாருடைய செருப்பையோ மெல்லத் தள்ளிக்கொண்டு போனது.

அத்தா ஆம்னி வேனில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர். இரும்புலியூரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஏற்றி, தாம்பரம் தாண்டி சேலையூரில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். பெரியவர்களுக்கு அவர் பாட்சா பாய். பிள்ளைகளுக்கு பாட்சா மாமா.

"ஜிஎஸ்டி ரோடு ஃபுல்லா ஜாம் மேடம்," என்றார் சுகுமார் சார். அவர் மகளும் வேனில்தான் வருகிறாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்துவிட்டார். "எங்க பஸ்ஸே எவ்ளோ நேரம் நின்னுச்சு தெரியுமா? டென்ஷனே வேணாம். பாய் வண்டிய எப்படி வெச்சிருக்காரு, பாத்தீங்கள்ல? நாலும் புது டயரு."

"அந்த ஃபோட்டோவப் பாத்துதான் சார் நான் என் பையன மழையில தைரியமா அனுப்பினேன்," என்றார் ஜெயஸ்ரீ அக்கா.

உள்ளே அம்மா இடியாப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் பிழிந்து விற்பதற்கு. சல்லடைச் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள். எல்லாரும் மழைக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். டயருக்குப் பயந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வாரம் வேனுக்கு எஃப்.சி. காலம் முடிந்திருந்தது. வண்டியை ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, இது ரோட்டில் ஓடலாம் என்று சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும். ஆன்லைனில் நாள் பதிவதெல்லாம் என் போனில்தான். அதனால் அன்றைக்கு அத்தா என்னையும் கூட்டிப்போனார். போகிற வழியில் ஏகநாதன் அண்ணனின் பஞ்சர் கடையில் நிறுத்தினார்.

அத்தாவுக்குச் செலவை மிச்சம் பிடிப்பது கைவந்த கலை. வைப்பர் கிழிந்தால் ரப்பரை மட்டும் வாங்கி மாட்டுவார். பேட்டரியில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி இன்னொரு மழைக்காலம் ஓட்டுவார். எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க, சீட்டுக்கு அடியில் என்ஜின் ஓரமாகப் புகையிலைத் துண்டு செருகிவைப்பார். ஆயில் மாற்றுவது அவரே. பக்கெட்டைப் பிடித்துக்கொள்வது நான். இதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டயரிடம் மட்டும் அவருடைய வித்தை எதுவும் பலிக்கவில்லை. முன் டயரைப் பின்னால் போட்டார். உள்பக்கத்தை வெளிப்பக்கம் திருப்பினார். எப்படித் திருப்பினாலும் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் எல்லாம் தேய்ந்து, தடவினால் ஸ்லேட்டு மாதிரி வழுவழு என்றிருந்தது.

ஏகநாதன் அண்ணனிடம் ஒரு செட் டயர் உண்டு. எஃப்.சி. டயர் என்பார்கள். எஃப்.சி.க்குப் போகிற வண்டிகளுக்கு வாடகைக்கு மாட்டிவிட்டு, காட்டி முடித்ததும் கழற்றிக்கொள்வார்.

"பாய், இது கல்யாண மாப்ள கோட்டு மாரி," என்று ஜாக்கி போட்டபடியே சொன்னார். "ரிசப்ஷன்ல நிக்கிற வரைக்கும்தான். மறுநா காலைல கடைக்காரன் வந்து கழட்டிக்கினு பூடுவான்."

"ரெண்டு நாள் வெச்சிக்கிறேன் ஏகா."

"இன்னாத்துக்கு? வேற வூட்ல பொண்ணு பாக்கப் போறியா? லைன்ல வண்டி நிக்கிது பாய். ஒனக்கு அப்பால சேலையூர் வண்டி. அதுக்கு அப்பால குன்றத்தூரு."

"ஒரு மழைகூட பாக்காத டயருப்பா இது."

"அதான் இதோட கெத்து. இத்தினி வருசமா பாஸ் பண்ணிக்கினே கீது. ஒரு நாளாச்சும் ஸ்கூலுக்குப் போயிருக்குமா?"

அத்தா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் டயரை ஷூ காலால் ஒரு தட்டுத் தட்டினார். பாஸ். அன்று சாயங்காலம் தெருவில் நின்ற வேனை சுகுமார் சார் பார்த்துவிட்டார். முழங்கால் போட்டுக் குனிந்து போட்டோ எடுத்து பேரன்ட்ஸ் க்ரூப்பில் போட்டார். நம்ம பிள்ளைங்களுக்காக நாலும் புதுசு, பாட்சா பாய்க்கு ஒரு சல்யூட் என்று எழுதியிருந்தார். வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் வந்தன. கிறிஸ்டி அக்கா, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் அண்ணா என்று போட்டிருந்தார்.

அந்த க்ரூப்பும் என் போனில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அத்தா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார்.

"இன்னா போடட்டும் அத்தா?"

"ஒண்ணும் போடாத."

"கம்முனு இருந்தா ஆமான்னு ஒத்துக்கினாப்ல ஆவும்," என்றாள் அம்மா. "வாடகை டயருன்னு சொல்லிடுங்க."

"சொன்னா நாளைக்கு எவ புள்ளைய ஏத்துவா? எப்படியும் வாங்கத்தானே போறேன். அதுக்குள்ள எதுக்கு பேஜாரு?"

மறுநாள் கோட்டு கழன்றுவிட்டது. பழைய டயர்கள் ஏறின. அதற்குப் பிறகு யாரும் குனிந்து பார்க்கவில்லை. போட்டோதான் க்ரூப்பில் இருக்கிறதே.

அதே வாரத்தில்தான் அத்தா என் தம்பி ஷாகுலை வேனிலிருந்து இறக்கினார். அவன் அதே ஸ்கூலில் ஐந்தாவது படிக்கிறான். எப்போதும் முன் சீட்டில், அத்தா பக்கத்தில் உட்காருவான். ரிவர்ஸ் எடுக்கும்போது தலையை வெளியே நீட்டி வரலாம் வரலாம் என்று கத்துவது அவன் வேலை.

"நாளைலேர்ந்து அக்காகூட பஸ்ல போ," என்றார்.

"ஏன் அத்தா?"

"புதுசா ஒரு புள்ள ஏறுது. எடம் பத்தாது."

"நான் பை மேல குந்திக்கிறேன் அத்தா. கம்முனு வரேன்."

"சொன்னா கேளுடா!"

பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். என் ஸ்கூல் அவன் ஸ்டாப்பைத் தாண்டித்தான். வர்றவங்க காசுக்கு வராங்கடா, நீ ஓசி என்று நான்கூட அவனைத் திட்டினேன்.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் ஜெயஸ்ரீ அக்கா, "வண்டி, வண்டி!" என்று கத்தினார்.

தெருமுனையில் ஒற்றை விளக்கு வந்தது. பைக் என்று நினைத்தேன். கிட்டே வந்ததும்தான் இன்னொரு விளக்கு உடைந்திருப்பது தெரிந்தது. வேன் நடக்கிறவர்களைவிட மெதுவாக வந்தது. நின்றதும் பக்கத்துக் கதவு இழுபட்டுத் திறந்து, பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவராகக் குதித்தார்கள்.

"அம்மா, வேன் சுத்துச்சும்மா! ராட்டினம் மாரி! ஃபுல் ரவுண்டு!"

"பாட்சா மாமா ஸ்டியரிங்க இப்டி கட்டிப் புடிச்சிக்கினு யா அல்லான்னு கத்துனாரு!"

"டாடி, பின்னாடி லாரி! இவ்ளோ கிட்ட! அந்த அங்கிள் பல்லுகூட தெரிஞ்சுது!"

"இன்னொரு வாட்டி சுத்துங்க மாமான்னு கேட்டோம். அவரு சுத்தமாட்டேன்னுட்டாரு."

அம்மாக்கள் பிள்ளைகளின் தலை, கை, முழங்கால் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு பையனுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தா இறங்கி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"மேம்பாலம் எறங்கும்போது குறுக்க நாய் வந்துடுச்சும்மா. பிரேக் அடிச்சேன், கொஞ்சம் திரும்பிக்கிச்சு. செவுத்துல லேசா ஒரசிடுச்சு. எறங்கித் தள்ளும்போது போனு தண்ணில வுழுந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

சுகுமார் சார் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே அத்தாவின் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா? இதே பழைய டயரா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நெனச்சே பாக்க முடியல. உங்களக் கையெடுத்துக் கும்பிடணும் பாய்."

எல்லாரும் அத்தாவைப் பார்த்தார்கள்.

"ஆமா சார்," என்றார் அத்தா.

கடைசியாக இறங்கியவன் ஷெர்வின், கிறிஸ்டி அக்காவின் மகன். ஷாகுலின் கூட்டாளி. அவன் ராட்டினம் என்று எதுவும் சொல்லவில்லை. கதவுக்கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவனுடைய டவுசர் நனைந்திருந்தது, சட்டை காய்ந்திருந்தது. கிறிஸ்டி அக்கா அதைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினார். அவன் பை முன்னால் இருக்கிறதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் அத்தாவின் சாப்பாட்டுப் பை இருந்தது. மடித்த துண்டு ஒன்று இருந்தது. வேறெதுவும் இல்லை.

"ஷெர்வின், இந்த சீட்ல யாருடா வருவா? அந்தப் புதுப் பொண்ணா, பையனா?"

"யாரும் வரமாட்டாங்க," என்றான். அவன் பேசியது அது ஒன்றுதான். "அது ஷாகுல் எடம்."

எல்லாரும் போன பிறகு அம்மா சூடாக ரசம் வைத்து, நெத்திலிக் கருவாடு வறுத்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. அத்தா தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"நாயா?" என்றாள் அம்மா.

"நாயில்ல."

"பின்ன?"

"முன்னாடி போன ஆட்டோ நின்னுடுச்சு. நானும் மிதிச்சேன். நிக்கல, ஜெய்னு. பிரேக்கு கீழ வரைக்கும் போயி நிக்கிது, வண்டி அது பாட்டுக்குப் போவுது. ஐஸு மேல வழுக்கிக்கினு போற மாரி. புள்ளைங்க எல்லாம் ஹேன்னு கத்துதுங்க. குஷில கத்துதுங்க. எனக்கு..."

ஷாகுல் அதுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் இல்லாத அன்னிக்கு மட்டும் சுத்துவீங்க. நான் இருந்தா சுத்தமாட்டீங்க, இல்ல?"

அத்தா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கை கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அம்மா ஷாகுலைப் படுக்கப்போகச் சொன்னாள். அத்தா திரும்பி வந்ததும் கதவை ஒருக்களித்து வைத்தாள். நான் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் இருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"முன் சீட்டு காலியா கீதாமே, இஃப்ரா சொன்னா."

அத்தா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"புதுப் புள்ள ஏறுதுன்னீங்க. எந்தப் புள்ள?"

"வரேன்னாங்க. வரல."

"என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க."

"இன்னா சொல்லச் சொல்ற?"

"அடுத்தவங்க புள்ள போவலாம், நம்ம புள்ள வேணாமா? அப்டித்தானே எறக்குனீங்க?"

"அப்டி இல்ல."

"பின்ன எப்டி?"

அத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பழைய டயர திருப்பி மாட்டுன அன்னிக்கு காலைல, அவன் பக்கத்துல குந்திக்கினு வரலாம் வரலாம்ன்றான். எனக்குக் கை வரல. கியர் போட முடியல. அவன் பக்கத்துல இருந்தா என்னால ஓட்ட முடியல ஜெய்னு. அவன் இல்லன்னா ஓட்டிடறேன்."

அம்மா தரையில் சிந்திய மாவைக் கையால் கூட்டி அள்ளினாள். பிறகு, "நாளைக்கு வண்டி எடுக்காதீங்க," என்றாள்.

"நாளைக்கு பரிட்ச. நான் நின்னா அத்தினி பேரும் எங்க போவாங்க? ஒரு நாள் நின்னா வேற வண்டி புடிச்சிக்குவாங்க. அப்பறம் ஒரு புள்ளகூடத் திரும்பாது. புது டயரு போட்ட வண்டி ஏன்டா நிக்கிதுன்னு கேப்பாங்களே, இன்னா சொல்ல?"

"ஏகநாதன்கிட்ட அந்த டயர..."

"அது குன்றத்தூர் வண்டில கீது. வரும்போதே கேட்டுட்டேன்." துண்டை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "மெதுவா ஓட்டுறேன். பாலத்து மேல ஏறாம சுத்திக்கினு போறேன். நான் இன்னா கொலகாரனா?"

"நான் அப்டி சொல்லல."

"சொன்னாப்லதான் கீது."

அம்மா பாதியில் விட்ட மாவை மறுபடி சலிக்க ஆரம்பித்தாள்.

இப்போது விளக்கை அணைத்துப் படுத்துவிட்டோம். யாரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன், ஷாகுலைத் தவிர. அவன் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறான். சிமென்ட் ஷீட்டின் மேல் மழை விட்டுவிட்டு அடிக்கிறது. குறையும்போதெல்லாம் மனசுக்குள் கெஞ்சுகிறேன், அப்படியே நின்றுவிடு என்று. உடனே வலுக்கிறது. அத்தா இதுவரை பலதடவை எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வானத்தைப் பார்க்கிறாரா, வேனைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. குளிர்காற்று மட்டும் உள்ளே வந்தது.

போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பேரன்ட்ஸ் க்ரூப்பைத் திறந்தேன். நாளைக்கு வேன் வராது, அத்தாவுக்கு ஜுரம் என்று எழுதினேன். அழித்தேன். போட்டோவில் இருக்கிற டயர் இப்போது வேனில் இல்லை என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அனுப்பினால் சுகுமார் சார் என்ன செய்வார்? இன்றைக்குக் கலங்கிய அதே கண்ணோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். போகத்தான் வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் போவேன். அத்தாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்தால், அங்கே யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்? அனுப்பாவிட்டால் காலையில் அத்தனை பேரும் பரீட்சை அட்டையோடு சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். இன்றைக்குச் சுற்றுவீர்களா மாமா என்று கேட்பார்கள். கண்ணை மூடினால் லாரிக்காரரின் பல் தெரிகிறது. அதை நான் பார்க்கவேயில்லை. ஆனாலும் தெரிகிறது.

அப்போது போன் அதிர்ந்தது. கிறிஸ்டி அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். அக்கா ரகசியக் குரலில் பேசினார். பின்னால் ஷெர்வின் தேம்புவது கேட்டது.

"இஃப்ரா, முழிச்சிருக்கியாம்மா? சாரிடா, இந்நேரத்துல. இவன் தூங்கவே மாட்டேங்குறான். நாளைக்கு வேன்ல போவமாட்டேன்னு அழுவுறான். எவ்ளோவோ சொல்லிட்டேன், ஜெபம்கூட பண்ணிட்டேன். கடைசில ஒண்ணு சொல்றான். ஷாகுல் வந்தா போறானாம். முன்னாடி சீட்டு காலியாத்தான் இருக்காம், ரெண்டு பேரும் கைகோத்துக்கினு குந்திக்குவாங்களாம். ஷாகுல் இருந்தா பாட்சா மாமா பத்திரமா ஓட்டுவாருன்றான், பாரேன் இவன. நானும் சரின்னுட்டேன். உன்னக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லித்தான் படுக்க வெச்சிருக்கேன். சொல்லும்மா, நாளைக்கு ஷாகுல் வேன்ல வரான்ல?"